வயிற்றுச் சீரமைப்பு அறுவை: இராமநாதபுரம் கடற்கரைப் பெண்கள் முடிவெடுக்கும் முன் அறிய வேண்டியவை

என் அக்காவுக்கு டம்மி டக் எனப்படும் வயிற்றுச் சீரமைப்பு அறுவை நடந்த நாளிலிருந்து, மண்டபத்திலும் பாம்பனிலும் கீழக்கரையிலும் இருக்கும் உறவுக்காரப் பெண்களும் அவர்களுக்குத் தெரிந்தவர்களும் அதைப் பற்றி என்னிடம் விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள். மருத்துவமனையிலும் வீட்டிலும் அக்காவுடன் இருந்தவள் நான்தான் என்பதே அதற்குக் காரணம். எவ்வளவு செலவாகும் என்பதே எல்லோருடைய முதல் கேள்வியாக இருக்கிறது. அதற்குப் பதில் சொல்வதற்கு முன் நான் ஒன்றைத் திருப்பிக் கேட்பேன்: ஆறு வாரங்களுக்கு உங்கள் வீட்டில் தண்ணீர்க் குடத்தை யார் தூக்குவார்கள்? அறுவை சில மணி நேரத்தில் முடிந்துவிடும். அதன் பலன் நிலைப்பதும் கெடுவதும் பெரும்பாலும் அதற்குப் பின்வரும் வாரங்களில் வீட்டில் நடப்பதைப் பொறுத்தே இருக்கிறது என்பதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். அந்த அனுபவத்தையும், மருத்துவர்களிடம் கேட்டும் படித்தும் அறிந்தவற்றையும் வரிசைப்படுத்தி இங்கே எழுதுகிறேன்.

முதலில், வயிறு எதனால் முன்னே நிற்கிறது என்று கண்டறியுங்கள்

இந்த அறுவையில் அடிவயிற்றில் தொங்கும் உபரித் தோலும் அதன் அடியிலுள்ள கொழுப்பும் வெட்டி நீக்கப்படுகின்றன. தளர்ந்து விலகிய வயிற்றுத் தசைகள் தையலிட்டு இறுக்கப்படுகின்றன. உடல் எடையைக் குறைப்பதற்கான வழியாக இதை எண்ணக் கூடாது. வெட்டி எடுக்கப்படுவது சில கிலோவாக இருக்கலாம், அதைவிடக் குறைவாகவும் இருக்கலாம். மாற்றம் வடிவத்தில்தான் தெரியும்.

வெளியிலிருந்து ஒன்றுபோலத் தோன்றும் வயிறுகளுக்கு உள்ளே வெவ்வேறு காரணங்கள் இருக்கின்றன. நின்றபடி சற்று முன்னே குனிந்தால் கையில் பிடிக்கும்படி தளர்ந்து தொங்குவது தோலும் தோலடிக் கொழுப்பும் ஆகும். இதற்கு இந்த அறுவை பயன்படும். மாறாக, மத்தளம் போல விறைத்து நிற்கும் வயிற்றில் கொழுப்பு குடலைச் சுற்றி உள்ளே படிந்திருக்கிறது. அந்தக் கொழுப்பை இந்தக் கத்தியாலும், கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் லைப்போசக்ஷன் குழாயாலும் எட்ட முடியாது, உணவும் உடலுழைப்பும் சர்க்கரைக் கட்டுப்பாடுமே அதைக் கரைக்கும். அத்தகைய வயிற்றில் தசைகளை இழுத்துத் தைத்தாலும் உள்ளிருந்து வரும் அழுத்தத்தால் எதிர்பார்த்த தட்டைத்தன்மை கிடைக்காது.

மூன்றாவது காரணம் தசை விலகல். விலா எலும்பிலிருந்து அடிவயிறு வரை செங்குத்தாக ஓடும் இரண்டு தசைப் பட்டைகள் கர்ப்ப காலத்தில் இருபுறமும் விலகுகின்றன. பலருக்கு அவை பிரசவத்துக்குப் பின் தாமாகவே நெருங்கி வரும், சிலருக்கு நெருங்குவதில்லை. மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, தலையையும் தோள்களையும் மட்டும் சற்றே உயர்த்திக்கொண்டு, தொப்புளுக்கு மேலே நடுக்கோட்டில் விரல்களை வைத்து அழுத்திப் பாருங்கள். இரண்டு விரல்களுக்கு மேல் உள்ளே இறங்கும் அளவுக்கு இடைவெளி இருந்தால் அதை மருத்துவரிடம் காட்ட வேண்டும். பிரசவத்துக்குப் பின் தாய்மார்களின் வயிற்றில் துணி கட்டிவிடும் நம் ஊர் வழக்கம் முதுகுக்கும் வயிற்றுக்கும் தாங்கலாக இருக்கிறது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் விலகிய தசையைத் துணி ஒன்றுசேர்த்துவிடும் என்று நம்பி இருந்துவிடக் கூடாது. இயன்முறை மருத்துவர் சொல்லித்தரும் பயிற்சிகளைச் சில மாதங்கள் முறையாகச் செய்த பிறகும் இடைவெளி குறையவில்லையென்றால்தான் அறுவையைப் பற்றிப் பேச வேண்டும்.

நான்காவதாக, இருமும்போதோ முக்கும்போதோ தொப்புளிலோ பழைய தையலின் மேலோ பந்து போலப் புடைத்தால் அது ஹெர்னியா எனப்படும் குடலிறக்கமாக இருக்கலாம். 2019–21 காலத்தில் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நடந்த பிரசவங்களில் ஏறத்தாழ 45 விழுக்காடு சிசேரியன் ஆகும். எனவே வயிற்றில் பழைய வெட்டுத் தழும்பு உள்ள பெண்கள் நம்மிடையே மிகுதி, அவர்கள் இந்தச் சோதனையை அலட்சியம் செய்யக் கூடாது. என் அக்காவிடம் ஒரு நகரத்துக் கிளினிக்கில் மருத்துவரே பார்க்காமல், வரவேற்பறையில் இருந்த ஆலோசகர் ஒருவர் கைப்பேசியில் எடுத்த படத்தை வைத்தே விலை சொல்லி முன்பணம் கேட்டார். பணம் கட்டாமல் வெளியே வந்து வேறொரு பிளாஸ்டிக் சர்ஜனிடம் காட்டியபோது, அவர் படுக்கவைத்தும் நிற்கவைத்தும் சோதித்து, ஸ்கேன் எடுத்து, தொப்புளுக்கு அருகே குடலிறக்கம் இருப்பதைக் கண்டுபிடித்தார். அதை அறியாமல் தோலை மட்டும் வெட்டப் புகுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கையில் இன்றும் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

காத்திருக்க வேண்டியவர்கள் யார்

இன்னொரு குழந்தை வேண்டும் என்று நினைப்பவர்கள் அந்தப் பிரசவம் முடியும் வரை காத்திருப்பதே சரி; மீண்டும் கர்ப்பம் தரித்தால் இறுக்கிய தசையும் தோலும் பழையபடி விரியும். கடைசிப் பிரசவத்துக்குப் பின் குறைந்தது ஆறு மாதங்களாவது கழிந்திருக்க வேண்டும். ஓராண்டு கழிந்திருந்தால் நல்லது. பால் கொடுத்துக்கொண்டிருப்பவர்கள் அதை நிறுத்திச் சில மாதங்களாகியிருக்க வேண்டும். உடல் எடை ஆறு மாதங்களாக ஏறாமலும் இறங்காமலும் நிலையாக இருக்க வேண்டும். உயரத்துக்கு எடை எவ்வளவு என்பதைக் காட்டும் உடல் நிறைக் குறியீட்டெண் (பி.எம்.ஐ.) 30ஐத் தாண்டியவர்களுக்குத் தையல் பிரிதல், நீர் கோத்தல், தொற்று ஆகியவை கூடுதலாக வருவதால் பல மருத்துவர்கள் முதலில் எடையைக் குறைத்து வரச் சொல்வார்கள்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி சோதனையில் நல்ல கட்டுப்பாட்டைக் காட்டிய பிறகே தேதி குறிக்க வேண்டும். இரத்தசோகை நம் பெண்களிடம் பரவலாக இருப்பதால் ஹீமோகுளோபின் அளவையும் முன்கூட்டியே சரிசெய்துகொள்ளுங்கள்.

புகையிலையைப் பற்றி நான் சற்று அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நம் கடற்கரையில் பீடி, சிகரெட் தொடாத பெண்கள்கூட வெற்றிலையோடு புகையிலை போடுகிறார்கள். மருத்துவர் புகைப்பழக்கம் உண்டா என்று கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுகிறார்கள். புகையிலையிலுள்ள நிகோடின் எந்த வழியில் உடலுக்குள் போனாலும் நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. இந்த அறுவையில் வயிற்றுத் தோல் விலா வரை அடியிலிருந்து பிரிக்கப்பட்டுக் கீழே இழுத்துத் தைக்கப்படுவதால், அதன் கீழ் விளிம்புக்கு இரத்தம் ஏற்கெனவே குறைவாகத்தான் போகும்; நிகோடினும் சேர்ந்தால் அந்த விளிம்பு கறுத்து அழுகிவிடக்கூடும். அறுவைக்கு முன்னும் பின்னும் குறைந்தது நான்கு வாரங்களாவது புகையிலையை முழுமையாக விட வேண்டும். பழக்கம் இருப்பதை மறைக்காமல் சொல்லவும் வேண்டும். பித்தப்பைக்காகவோ வேறெதற்காகவோ மேல்வயிற்றில் பெரிய வெட்டுத் தழும்பு இருந்தால் அதையும் காட்டுங்கள். அதுவும் தோலுக்குப் போகும் இரத்தத்தைக் குறைத்திருக்கும்.

மருத்துவரையும் மருத்துவமனையையும் தேர்ந்தெடுத்தல்

எம்.பி.பி.எஸ்., பொது அறுவையில் எம்.எஸ். ஆகியவற்றுக்குப் பின் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஹெச். அல்லது அதற்கு இணையான தேசியத் தேர்வு வாரியப் பட்டம் பெற்றவரிடமே போங்கள். அவருடைய பெயரும் பதிவெண்ணும் மாநில மருத்துவக் கவுன்சிலின் பதிவேட்டில் இருக்கின்றனவா என்று இணையத்தில் பார்த்துக்கொள்ளலாம். அழகுக்கலை நிலையம் என்ற பெயரில் நடக்கும் இடத்தில், மயக்கவியல் மருத்துவர் இல்லாமலும் தீவிர சிகிச்சைப் பிரிவு இல்லாமலும் இதைச் செய்துகொள்வது உயிரைப் பணயம் வைப்பதாகும். 1997ஆம் ஆண்டின் தமிழ்நாட்டு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குபடுத்தும் சட்டத்தின்கீழ் அந்த இடம் பதிவு பெற்றிருக்கிறதா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

மருத்துவரை நேரில் காணும்போது எந்த வகை அறுவையைப் பரிந்துரைக்கிறார், ஏன் என்று கேளுங்கள். தொப்புளுக்குக் கீழே மட்டும் தோல் தளர்ந்திருந்தால் சிறு வெட்டு போதும். முழு வயிறும் தளர்ந்து தசையும் விலகியிருந்தால் முழு அறுவை வேண்டும். தோல் இறுக்கமாக இருந்து கொழுப்பு மட்டும் இருந்தால் லைப்போசக்ஷனே போதுமாக இருக்கலாம். தனக்கு நடந்த சிக்கல்களைப் பற்றியும் மனம் திறந்து பேசும் மருத்துவரை நம்பலாம்; சிக்கலே வராது என்று சொல்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

பணம்

தனியார் மருத்துவமனைகளில் இதற்கான கட்டணம் லட்சத்தைத் தாண்டும். தோற்றத்துக்காக மட்டும் செய்யப்படும் அறுவைக்கு மருத்துவக் காப்பீடு பொதுவாகக் கிடைக்காது. அதோடு மற்ற மருத்துவச் சேவைகளுக்கு இருக்கும் ஜி.எஸ்.டி. விலக்கும் இதற்கு இல்லாததால் 18 விழுக்காடு வரி சேரும். மருத்துவர் சொல்லும் தொகையில் இந்த வரி, மயக்க மருந்துக் கட்டணம், பின்னர் அணிய வேண்டிய வயிற்றுப் பெல்ட், பரிசோதனைகள், மறுபடி சேர்க்க நேர்ந்தால் ஆகும் செலவு ஆகியவை அடங்குமா என்று எழுத்தில் வாங்குங்கள். குடலிறக்கம் இருந்தால் அதற்கான சிகிச்சை தனி. அது நோய்க்கான சிகிச்சை என்பதால் காப்பீட்டில் கேட்கலாம், அரசு மருத்துவமனையிலும் செய்துகொள்ளலாம். நகையை அடகு வைத்து, திருப்பித் தர முடியாத முன்பணம் கட்டுவதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

எந்த மாதத்தில் செய்துகொள்வது, வீட்டில் யார் இருப்பார்கள்

ஆறு வாரங்களுக்கு எடை தூக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லும்போது நகரத்துப் பெண்ணுக்கு அது கடைப் பையைக் குறிக்கும். நமக்கோ அது காவிரிக் குழாய்த் தண்ணீர் வரும் நேரத்தில் தள்ளுவண்டியில் ஏற்றி இறக்க வேண்டிய குடங்களைக் குறிக்கிறது. நிறைந்த குடம் ஒன்று 12 முதல் 15 கிலோ இருக்கும். அதை ஒருமுறை இடுப்பில் ஏற்றினாலே உள்ளே போட்ட தசைத் தையல் அறுந்துபோகக்கூடும். மீன் கூடை, கருவாட்டு மூட்டை, கடல்பாசி சாக்கு, உப்பளத்துக் கூடை, இடுப்புக் குழந்தை ஆகிய எல்லாமே இந்த விலக்கில் அடங்கும்.

அதனால் என் அக்கா தேர்ந்தெடுத்தது மீன்பிடித் தடைக்காலம். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாததால் மச்சான் வீட்டில் இருந்தார். தண்ணீர், சமையல், பிள்ளைகள் என எல்லாவற்றையும் அவரே பார்த்துக்கொண்டார். இதற்கு இரண்டு எதிர்வாதங்கள் உண்டு. ஒன்று, அந்த இரண்டு மாதங்களும் வருமானம் இல்லாத மாதங்கள். மற்றொன்று, அதுதான் கத்திரி வெயில் காலம். இறுக்கமான பெல்ட்டுக்குள் வியர்வை வழிந்து அரிப்பும் படையும் வரும். கார்த்திகை, மார்கழிக் குளிர்ச்சியில் செய்துகொள்வது உடலுக்கு இதமாக இருக்கும் என்றாலும், உதவிக்கு ஆள் இல்லாத குளிர்காலத்தைவிட ஆள் இருக்கும் கோடைக்காலமே மேல் என்பது என் முடிவு. கணவர் வளைகுடா நாட்டில் இருக்கும் கீழக்கரைப் பெண்கள் அவர் விடுமுறையில் வரும் மாதத்தையோ, அம்மாவோ தங்கையோ வந்து தங்கக்கூடிய காலத்தையோ பார்த்துக்கொள்ளுங்கள். நோன்பு மாதம் அறுவைக்குப் பிந்தைய ஆறு வாரங்களுக்குள் வராதபடி தேதி குறிப்பது நல்லது. உடம்பில் நீர் குறைந்தால் இரத்தம் உறையும் வாய்ப்பு கூடுகிறது.

அறுவையும் மருத்துவமனை நாட்களும்

அறுவைக்கு முந்தைய வாரங்களில் உட்கொள்ளும் எல்லாவற்றையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஆஸ்பிரின், சில வலி மாத்திரைகள், மீன் எண்ணெய் மாத்திரை, நாட்டு மருந்து, லேகியம் ஆகியவற்றுள் சில இரத்தக்கசிவைக் கூட்டும். கருத்தடை மாத்திரை இரத்த உறைவைக் கூட்டும். எதை எப்போது நிறுத்துவது என்பதை அவரே சொல்ல வேண்டும், நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம்.

அறுவை நாளன்று உங்களை நிற்கவைத்துப் பேனாவால் கோடு வரைவார்கள். பிறகு முழு மயக்கம் தரப்படும். அந்தரங்க முடியின் மேல்பகுதியில் ஓர் இடுப்பெலும்பிலிருந்து மறு இடுப்பெலும்பு வரை வெட்டி, தோலை விலா வரை மேலே பிரித்து, தசையை நடுவில் தைத்து இறுக்கி, தோலைக் கீழே இழுத்து, உபரியை வெட்டிவிட்டுத் தைப்பார்கள். தொப்புள் தன் இடத்திலேயே இருக்க, புதிதாக வந்த தோலில் ஒரு துளையிட்டு அதை வெளியே எடுப்பார்கள். இதற்கு இரண்டு முதல் நான்கு மணி நேரம் ஆகும். சிசேரியன் தழும்பு பெரும்பாலும் வெட்டிய தோலோடு போய்விடும். வயிற்று வரிகள் வெட்டப்பட்ட பகுதியில் இருந்தவை மட்டுமே போகும். மேலே இருப்பவை கீழே இறங்கி நிற்கும்.

கண் விழிக்கும்போது இரண்டு பக்கமும், உள்ளே சேரும் நீரை வெளியேற்றும் வடிகுழாய்கள் இருக்கும். முழங்கால் மடங்கி, தலைப்பக்கம் உயர்ந்த நிலையில் படுக்க வைப்பார்கள். வலி இருந்தாலும் அன்று மாலையோ மறுநாள் காலையோ எழுந்து நடக்க வேண்டும். கால்களின் இரத்தக் குழாய்களில் இரத்தம் உறைவதைத் தடுக்க அதுவே முதல் வழி. அழகு அறுவைகளுள் இரத்த உறைவு ஆபத்து கூடுதலாக உள்ளவற்றில் இதுவும் ஒன்று என்பதால் பலருக்கு அதற்கான ஊசியும் போடுவார்கள். முதல் வாரம் முழுக்கக் கூனித்தான் நடக்க முடியும். அக்காவுக்கு நிமிர்ந்து நிற்கப் பத்து நாட்கள் ஆயின.

அறுவைக்கு மதுரைக்குப் போவதானால், இராமேஸ்வரத்திலிருந்து அது ஏறத்தாழ 170 கிலோமீட்டர், இராமநாதபுரத்திலிருந்து 115 கிலோமீட்டர். மருத்துவமனையிலிருந்து விட்டவுடன் அவ்வளவு தூரம் காரில் மடங்கி உட்கார்ந்து வருவது நல்லதன்று. வடிகுழாய் எடுக்கும் வரை, ஒன்று அல்லது இரண்டு வாரங்கள், மருத்துவமனைக்கு அருகே உறவினர் வீட்டிலோ வாடகை அறையிலோ தங்குங்கள். திரும்பி வரும்போது மணிக்கொரு தரம் வண்டியை நிறுத்தி இறங்கி நடக்க வேண்டும்.

வீட்டில்

வயிற்றுப் பெல்ட்டைப் பெரும்பாலும் ஆறு வாரங்கள் அணியச் சொல்வார்கள். இரண்டு பெல்ட்டுகளாவது வாங்கி, வியர்வையில் நனைந்ததை உடனே மாற்றி, உள்ளே மெல்லிய பருத்தி பனியன் அணிந்துகொண்டால் இந்தக் கடற்கரைப் புழுக்கத்தைத் தாங்கலாம்.

பத்தியம் என்ற பெயரில் மீனும் முட்டையும் சாப்பிட்டால் புண் சீழ் பிடிக்கும் என்று பெரியவர்கள் தடுப்பார்கள். அன்பினால் சொல்வதுதான் என்றாலும் இந்த இடத்தில் அதைப் பணிவோடு மறுத்துவிடுங்கள். தையல் ஆறப் புரதம் வேண்டும்; புதிதாகப் பிடித்த மீனும் முட்டையும் பருப்பும் நம் வீட்டிலேயே கிடைக்கும் நல்ல புரதம். பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப்புட்டு செய்து கொடுக்கும் ஊரில், வயிறு தைத்தவளை வெறும் இரசம் சோற்றில் கிடத்துவதில் பொருளில்லை. கருவாட்டையும் ஊறுகாயையும் மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள். உப்பு வீக்கத்தைக் கூட்டும். மலச்சிக்கல் வந்து முக்க நேர்ந்தால் தையல் இழுக்கும் என்பதால் தண்ணீரும் கீரையும் பழமும் தவறக் கூடாது. எண்ணெய், மஞ்சள், பச்சிலை எதையும் தையலின் மேல் பூச வேண்டாம்.

வடிகுழாய் எடுத்த பின் வயிற்றில் தண்ணீர்ப் பை அசைவது போலத் தோன்றினால் அது நீர் கோத்திருப்பது. மருத்துவர் ஊசியால் எடுத்துவிடுவார். இது அடிக்கடி வருவதுதான். ஆனால் ஒரு கால் மட்டும் வீங்கி ஆடுதசை வலித்தாலோ, திடீரென மூச்சுத் திணறினாலோ, நெஞ்சு வலித்தாலோ விடியும் வரை காத்திருக்காதீர்கள். உறைந்த இரத்தம் நுரையீரலை அடைத்திருக்கலாம். 108ஐ அழைத்து அருகிலுள்ள பெரிய மருத்துவமனைக்கு, இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அருகிலிருந்தால் அங்கே, உடனே சென்று, இன்ன தேதியில் வயிற்றில் அறுவை நடந்தது என்று முதலில் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் தாளைப் பையிலேயே வைத்திருங்கள். 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், தையலோரம் கறுப்பது, நாற்றமடிக்கும் சீழ், ஒரு பக்கம் மட்டும் வேகமாக வீங்குவது ஆகியவற்றுக்கும் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

வேலைக்கும் கடலுக்கும் திரும்புதல்

உட்கார்ந்து செய்யும் வேலைக்கு இரண்டு மூன்று வாரங்களில் திரும்பலாம். கருவாடு காயவைப்பதும் உப்பளமும் ஆறு வாரங்களுக்குப் பிறகு, மருத்துவர் பார்த்துச் சொன்ன பின்னர்தான். காயம் முழுமையாக மூடும் வரை கடல்நீர் கூடாது. வெதுவெதுப்பான கடல்நீரில் வாழும் விப்ரியோ போன்ற கிருமிகள் திறந்த புண்ணுக்குள் புகுந்தால் கடுமையான தொற்று உண்டாகும். அக்னி தீர்த்தத்திலும் இருபத்திரண்டு தீர்த்தங்களிலும் நீராடுவதாக வேண்டிக்கொண்டவர்கள் அதைச் சில மாதங்கள் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். கடல்பாசி எடுக்க மூழ்கும் பெண்கள் மற்றவர்களைவிடக் கூடுதலாகக் காத்திருக்க வேண்டும். இடுப்பில் பையைக் கட்டும் கயிறு சரியாகத் தழும்பின் மேலேயே அழுத்தும் என்பதை அவர்கள் அறுவைக்கு முன்பே மருத்துவரிடம் சொன்னால், வெட்டும் கோட்டைச் சற்று இறக்கிப் போட முடியுமா என்று அவர் பார்ப்பார்.

தழும்பு முதல் சில மாதங்கள் சிவந்தும் தடித்தும் இருந்து, ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டுக்குள் மெல்ல மங்கும். கறுத்த தோலில் தழும்பு தடித்து வளரும் வாய்ப்பு கூடுதல். காது குத்திய இடத்திலோ பழைய வெட்டிலோ அப்படி வளர்ந்திருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். தையல் முழுதும் கூடிய பின் சிலிக்கான் களிம்போ பட்டையோ பயன்படுத்தலாம். தொப்புளுக்குக் கீழே மரத்துப்போன உணர்வு பல மாதங்கள் நீடிக்கும். சிலருக்கு ஓரிடத்தில் நிலைத்தும் விடும். அக்கா இப்போதும் சூடான பாத்திரத்தை வயிற்றோடு அணைத்துத் தூக்குவதில்லை, அங்கே சுடுவது தெரியாது என்பதால்.